மேக்ஸ் 7219 நான்கு கட்ட எல்இடி பலகை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எல்இடி திரையின் ஒவ்வொரு புள்ளியும் எப்படி ஒளிர்கிறது, அதை எது இயக்குகிறது என்று அறிய விரும்பும் மாணவர்களுக்கு நான் ஓராண்டாகப் பரிந்துரைத்து வரும் பொருள் ஒன்று உண்டு. எட்டுக்கு எட்டு என்ற கணக்கில் 64 சிவப்புப் புள்ளிகள் கொண்ட சதுரக் கட்டங்கள் நான்கு, ஒரே பலகையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் அதன் புள்ளிகளை இயக்கும் மேக்ஸ் 7219 என்ற ஐசி (ஒருங்கிணைந்த சுற்றுச் சில்லு) ஒன்று இருக்கும். மொத்தம் 256 புள்ளிகள், ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளம், வெளியே வருவது ஐந்தே கம்பிகள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். நான் முதலில் ஒன்றும் பிறகு மூன்றுமாக நான்கு பலகைகள் வாங்கினேன். அவற்றை இரண்டின் மேல் இரண்டாக அடுக்கி, 16 வரிசையும் 64 நெடுவரிசையும் கொண்ட தமிழ் அறிவிப்புத் திரையாக எங்கள் ஆய்வுக்கூட வாசலில் மாட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பலகையைப் பற்றிச் சொல்வதற்கு முன், அது எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 64 எல்இடிகளைத் தனித்தனியாக இயக்க 64 கம்பிகள் தேவை. அவற்றை எட்டு வரிசை, எட்டு நெடுவரிசை என்று பின்னிவிட்டால் 16 கம்பிகள் போதும்; ஆனால் அதற்கு ஈடாக, ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டுமே ஒளிரச் செய்ய முடியும். முதல் வரிசையை ஏற்றி, அணைத்து, இரண்டாவதை ஏற்றி, அணைத்து என எட்டையும் கண் உணராத வேகத்தில் சுற்றிவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது மொத்த நேரத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு புள்ளிக்குச் சராசரியாக 5 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால், அதன் முறை வரும்போது 40 மில்லி ஆம்பியர் பாய வேண்டும். இந்தப் பெருக்கல் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், பிக்சல் சுற்று வடிவமைப்பின் பாதி புரிந்துவிட்டது என்றே சொல்வேன்.

இதே வேலையைச் சாதாரண பாகங்களைக் கொண்டு செய்து பார்த்துவிட்டு இந்தப் பலகைக்கு வருவது நல்லது. என் வகுப்பில் முதலில் 74எச்சி595 என்ற இடப்பெயர்ச்சிப் பதிவியை (தகவலை ஒவ்வொரு பிட்டாக வாங்கி எட்டு முனைகளில் வெளியிடும் ஐசி) நெடுவரிசைகளுக்கும், யூஎல்என்2803 என்ற எட்டு டிரான்சிஸ்டர் இணைகள் கொண்ட ஐசியை வரிசைகளுக்கும் வைத்து, எட்டு மின்தடைகளுடன் ஒரு கட்டத்தை இயக்கச் சொல்வேன். சுற்று சரியாகவே வேலை செய்யும்; ஆனால் ஒளி மங்கலாக இருக்கும். காரணம் எளிது. 74எச்சி595 ஐசி முழுவதற்குமான மின்னோட்ட வரம்பு 70 மில்லி ஆம்பியர்தான். எட்டு நெடுவரிசைகளும் ஒருசேர ஒளிரும் நிலையை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் 8 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்க முடியாது. அதை எட்டால் வகுத்தால் ஒரு புள்ளிக்குச் சராசரி 1 மில்லி ஆம்பியர். இந்தக் குறையைத் தம் கண்ணால் கண்ட மாணவருக்கு, மேக்ஸ் 7219 எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை விளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

அந்த ஐசி ஒரு நெடுவரிசைக்கு 40 மில்லி ஆம்பியர் வரை தானே அளந்து கொடுக்கிறது. எட்டு நெடுவரிசைகளுக்கும் சேர்த்து வெளியே ஒரே ஒரு மின்தடை போதும். வரிசைகளைச் சுற்றிவரும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 800 முறை முழுக் கட்டத்தையும் சுற்றுவதால், ஒரு சுற்றுக்கு 1.25 மில்லி நொடியும் ஒரு வரிசைக்கு 156 மைக்ரோ நொடியும் ஆகின்றன. எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்பதை அதன் உள்நினைவில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அதன்பின் நம் நிரலை ஓட்டும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்படுத்திப் பலகை வேறு வேலைக்குப் போய்விடலாம். முந்தைய சுற்றில் நிரல் ஒரு கணம் தயங்கினாலும் ஒரு வரிசை மட்டும் பளிச்சென்று எரிந்து நின்றுவிடும். இங்கே அந்தக் கவலை இல்லை.

இந்த ஐசி நல்லது. அதைச் சுற்றிப் பலகை செய்தவர்கள் வைத்திருக்கும் பாகங்களில்தான் குறை இருக்கிறது. இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பலகையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். எல்இடி கட்டத்தை இரு பக்கமும் மெல்ல நெம்பிக் கழற்றினால், ஐசிக்கு அருகே மேற்சொன்ன அந்த ஒற்றை மின்தடை தெரியும். நான் வாங்கிய நான்கு பலகைகளிலும் அது 10 கிலோ ஓம். உற்பத்தியாளரின் தரவுத்தாளில் எல்இடியின் முன்னோக்கு மின்னழுத்தத்துக்கு (அது எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே விழும் மின்னழுத்தம்) ஏற்ப எந்த மின்தடையை வைக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. சிவப்பு எல்இடிக்குரிய 2 வோல்ட் பத்தியில், உச்ச அளவான 40 மில்லி ஆம்பியருக்கே 11.8 கிலோ ஓம் என்றுதான் குறிப்பிடப்பட்டுள்ளது. 10 கிலோ ஓம் என்பது அதற்கும் கீழே; இந்த மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். அதாவது, பலகை கடையிலிருந்து வரும்போதே தன் வரம்பைத் தொட்டுத் தாண்டிய நிலையில்தான் வருகிறது. முழு ஒளியில் எல்லாப் புள்ளிகளையும் எரியவிட்டுச் சில நிமிடங்கள் கழித்து ஐசியின் மேல் விரல் வைத்தால், தொடர்ந்து வைத்திருக்க முடியாது.

நான் செய்த மாற்றம் அந்த மின்தடையை 27 கிலோ ஓமாக மாற்றியதுதான். இதனால் நெடுவரிசை மின்னோட்டம் ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியராகக் குறைகிறது, சூடு அடங்குகிறது, அறைக்குள் பார்ப்பதற்கு ஒளியில் குறையொன்றும் தெரியவில்லை. வெயில் படும் இடத்தில் மாட்டப்போகிறவர்கள் 12 கிலோ ஓம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 10 கிலோ ஓமை அப்படியே விட்டுவைப்பதற்கு எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இரண்டாவது குறை மின்வழங்கல். ஐசியின் மின்முனைகளுக்கு மிக அருகில் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றும் இருக்க வேண்டும் என்று தரவுத்தாள் கேட்கிறது. என் பலகைகளில் ஒன்றில், நான்கு ஐசிகளில் இரண்டுக்கு மட்டுமே பெரிய மின்தேக்கி இருந்தது. மற்ற இரண்டின் இடம் வெறுமையாக இருந்தது. இதன் விளைவு உடனே தெரியாது. ஒருநாள் அருகில் மின்விசிறியின் சுவிட்சைப் போட்டபோது, அந்தக் கட்டங்களில் ஒன்று திடீரென்று எல்லாப் புள்ளிகளும் முழு ஒளியில் எரிய நின்றுவிட்டது. அது பழுதன்று. ஐசிக்குள் திரையைச் சோதிப்பதற்கென்று ஒரு பதிவி, அதாவது கட்டளையை வைத்திருக்கும் சிறு நினைவிடம், இருக்கிறது. கம்பிகளில் புகுந்த மின் இரைச்சலை ஐசி கட்டளையாக எடுத்துக்கொண்டு அந்தச் சோதனை நிலைக்குப் போய்விட்டது. விடுபட்ட மின்தேக்கிகளை வைத்தேன். அதோடு, சோதனைப் பதிவியில் பூச்சியத்தையும் ஏனைய கட்டுப்பாட்டுப் பதிவிகளில் உரிய மதிப்புகளையும் சில நொடிகளுக்கு ஒருமுறை மீண்டும் எழுதும்படி நிரலை மாற்றினேன். அதன்பின் அது நிகழவில்லை.

மின்னோட்டக் கணக்கையும் வாங்குபவர் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் முழு ஒளியில் எரியும்போது ஓர் ஐசிக்கு ஏறத்தாழ 330 மில்லி ஆம்பியர் தேவை. ஒரு பலகைக்கு 1.3 ஆம்பியர், என்னுடையதைப் போல நான்கு பலகைகள் என்றால் 5 ஆம்பியரைத் தாண்டும். கணினியின் யூஎஸ்பி முனையிலிருந்து மின்சாரம் எடுத்துவிட்டு, எழுத்துகள் நடுங்குகின்றன என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலகைகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால், மெல்லிய செப்புத் தடங்களில் மின்னழுத்தம் வடிந்து கடைசிக் கட்டம் மங்கும். நான் அளந்தபோது முதல் பலகையில் 5 வோல்ட்டாக இருந்தது கடைசிப் பலகையில் 4.4 ஆக இருந்தது. ஐசி வேலை செய்யக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்ததும் ஒளி சீரானது.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. இப்போது பலரும் ஆர்டுயினோவை விட்டு ஈஎஸ்பி 32 போன்ற 3.3 வோல்ட் கட்டுப்படுத்திகளுக்கு மாறிவிட்டார்கள். மேக்ஸ் 7219 ஓர் உள்ளீட்டை ‘உயர்’ என்று ஏற்றுக்கொள்ளக் குறைந்தது 3.5 வோல்ட் தேவை. 3.3 வோல்ட் அதற்குப் போதாது. ஆயினும் மேசைமேல் குட்டையான கம்பியில் பெரும்பாலும் வேலை செய்துவிடுவதால், மக்கள் அதைச் சரியென்று நம்பிவிடுகிறார்கள். கம்பி ஒரு மீட்டர் நீண்டதும் எழுத்துகள் சிதறுகின்றன. இடையில் 5 வோல்ட்டில் இயங்கும் 74எச்சிடி125 என்ற ஐசி ஒன்றை வைத்தால் தீர்ந்தது. அது 2 வோல்ட்டையே உயர்நிலையாக ஏற்கும். விலையும் மிகக் குறைவு. ஒரே உறையில் பலகையையும் ஈஎஸ்பி 32ஐயும் போட்டு ‘தொகுப்பு’ என்று விற்பவர்கள் இந்த ஐசியையும் சேர்த்துக் கொடுப்பதே முறையாகும்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க 16 படிகள் உள்ளன. முதல் படியில் ஒரு வரிசை தன் நேரத்தில் 32இல் 1 பங்கு எரிகிறது. அடுத்ததில் 3 பங்கு, பிறகு 5 பங்கு என இரண்டிரண்டாக ஏறிக் கடைசியில் 31 பங்கு. எண்களில் சீராகத் தெரியும் இந்த ஏற்றம் கண்ணுக்குச் சீராக இருப்பதில்லை. முதல் படியிலிருந்து இரண்டாவதற்குப் போனால் ஒளி மூன்று மடங்காகிறது. பதினைந்தாவதிலிருந்து பதினாறாவதற்குப் போனால் வேறுபாடே தெரிவதில்லை. இரவில் தானே மங்கும்படி நிரல் எழுதுபவர்கள் 1, 2, 4, 8, 16 ஆகிய படிகளை மட்டும் பயன்படுத்தினால் மாற்றம் இதமாக இருக்கும்.

மேலும், இந்த ஒளி அளவு கட்டம் முழுவதற்கும் பொதுவானது. ஒரு புள்ளியை அரை ஒளியிலும் அதன் பக்கத்துப் புள்ளியை முழு ஒளியிலும் காட்ட இந்த ஐசியில் வழியில்லை. நிரலிலேயே புள்ளியை விரைவாக ஏற்றி அணைத்து அரை ஒளியைப் பெற முயன்றேன்; திரையில் ஒழுங்கற்ற சிமிட்டல்தான் மிஞ்சியது. ஐசி தன் 800 சுற்றுகளைத் தன் போக்கில் சுற்றுகிறது. நம் நிரலின் தாளம் அதனோடு சேர்வதில்லை. அதே காரணத்தால், கைப்பேசியில் இந்தத் திரையைப் படமெடுத்தால் எழுத்தின் ஒரு பகுதி காணாமல் போகும். நொடியில் 2000இல் ஒரு பங்கு மட்டுமே படமெடுப்பி திறந்திருந்தால், அதற்குள் மூன்று வரிசைகள் மட்டுமே எரிந்து முடித்திருக்கும். பலகை பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

தமிழில் எழுத நினைப்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகள் ஐந்துக்கு ஏழு புள்ளிகளில் அடங்கிவிடும்; எனவே எட்டு வரிசைப் பலகை ஒன்றே போதும். தமிழுக்குப் போதாது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேலே ஒரு வரிசையும், அது உடம்போடு ஒட்டாமலிருக்க ஓர் இடைவெளி வரிசையும் வேண்டும். பு, ழு, து போன்றவற்றுக்குக் கீழே இரண்டு மூன்று வரிசைகள் இறங்க வேண்டும். இவற்றைக் கழித்தால் எழுத்தின் உடம்புக்கு மூன்றோ நான்கோ வரிசைகளே மிஞ்சும். அதில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேறுபாடு காட்ட முடியாது. ஆகவே இரண்டு பலகைகளை மேலும் கீழுமாக வைத்து 16 வரிசைகள் ஆக்கினேன். அதில் எழுத்துகள் ஐயமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன.

எழுத்துருவை நானே கட்டத்தாளில் வரைந்தேன். 247 எழுத்துகளையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, மெய்யின் உடம்பு 18, ஆய்தம் 1, உகர ஊகார வடிவங்கள் 36, தனி வடிவம் கொள்ளும் டி, டீ ஆகிய 2, துணையெழுத்துகளும் புள்ளியுமாக 8 என 77 வடிவங்கள் போதும்; மற்றவை சேர்க்கையால் வந்துவிடும். ஒரு வடிவத்துக்குச் சராசரி 12 நெடுவரிசை என்று கொண்டால் 24 பைட். மொத்தம் 2 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆர்டுயினோ யூனோ ஆர்3இன் தற்காலிக நினைவகமே 2 கிலோபைட்தான் என்பதால், எழுத்துருவை நிரல் நினைவகத்தில்தான் வைக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூனிகோடில் ‘கெ’ என்பது ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். ‘கொ’வில் துணையெழுத்து இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8 முறையில் 3 பைட் எடுத்துக்கொள்ளும். எனவே 256 வடிவங்களை மட்டும் எதிர்பார்க்கும் ஆயத்த நிரல் நூலகங்களின் எழுத்து வசதியை விட்டுவிட்டு, அவற்றின் புள்ளி வரையும் வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிசை மாற்றும் பகுதியை நான் தனியாக எழுதிச் சேர்த்தேன்.

எம்டி மேக்ஸ்72எக்ஸ்எக்ஸ் என்ற இலவச நூலகம் இதற்கு ஏற்றது. முதன்முறை ஓடவிடும்போது எழுத்துகள் பக்கவாட்டில் சாய்ந்தோ கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியோ வந்தால், பலகை வகையை எஃப்சி16 என்று குறிப்பிட்டால் நேராகிவிடும்.

இந்தப் பலகை கற்றுத்தராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எட்டு வரிசைகளுக்கு எட்டு மடங்கு மின்னோட்டம் என்றால், ஆயிரம் வரிசைகளுக்கு மேல் கொண்ட கைப்பேசித் திரையில் ஆயிரம் மடங்கு வேண்டியிருக்கும். அதை எந்த எல்இடியும் தாங்காது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் டிரான்சிஸ்டர்களும் ஒரு மின்தேக்கியும் வைக்கிறார்கள். வரிசையின் முறை வரும்போது ஒரு டிரான்சிஸ்டர் கதவைத் திறந்து மின்தேக்கியில் மின்னழுத்தத்தை நிரப்புகிறது. முறை போனபின்னும் மின்தேக்கி அதை நினைவில் வைத்திருக்க, இரண்டாவது டிரான்சிஸ்டர் அதற்கேற்ற மின்னோட்டத்தை அடுத்த முறை வரும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் மென்படல டிரான்சிஸ்டர் வைக்கும் இந்த வழியை, அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் பீட்டர் பிராடியின் குழுவினர் 1970களிலேயே செய்துகாட்டினார்கள்.

இதைப் பலகையின் அருகிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு 2என்7000 டிரான்சிஸ்டர்கள், ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, ஓர் எல்இடி, ஒரு மின்தடை ஆகியவை போதும். கதவை ஒரு கணம் திறந்து மூடினால் எல்இடி சில நொடிகள் எரிந்துகொண்டே இருக்கும். அதைப்போல இரண்டு சுற்றுகளைக் கட்டி, இரண்டிலும் ஒரே நடுத்தர மின்னழுத்தத்தை நிரப்பினால், ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் எரியக் காணலாம். 2என்7000இன் தொடக்க மின்னழுத்தம் 0.8 முதல் 3 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம் என்பதே அதற்குக் காரணம். ஓஎல்இடி திரைகளில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் போதாமல் ஏழு வரை சேர்த்து ஈடுசெய்ய வேண்டியிருப்பதும் இதே வேறுபாட்டால்தான். என் மாணவர்கள் இந்த இரண்டு எல்இடிகளை அருகருகே பார்த்த அந்த வகுப்பை, இந்த ஆண்டின் மிகச் சிறந்த வகுப்பாகக் கருதுகிறேன்.

வண்ணம் வேண்டுபவர்களுக்கு இந்தப் பலகை பயன்படாது. அவர்கள் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஐசி கொண்ட டபிள்யூஎஸ்2812பி வகையைப் பார்க்கலாம். ஆனால் 256 புள்ளிகள் முழு வெண்மையில் எரிந்தால், புள்ளிக்கு 60 மில்லி ஆம்பியர் வீதம் 15 ஆம்பியர் ஆகும் என்பதை மறக்கக் கூடாது. கடைப் பெயர்ப்பலகை அளவுக்குப் பெரியது வேண்டுமென்றால் ஹப்75 வகை வண்ணப் பலகைகள் மலிவு. ஆனால் அவற்றில் வரிசைகளைச் சுற்றிவரும் வேலை நம் கட்டுப்படுத்தியின் தலையில் விழுகிறது. ஈஎஸ்பி 32 அதைத் தாங்கும், ஆர்டுயினோ யூனோ தடுமாறும். சுற்றைக் கற்க விரும்புபவருக்கு மேக்ஸ் 7219 பலகைதான் என் தேர்வு.

விலை நியாயமானது. நான் ஒரு பலகைக்கு 350 ரூபாய் கொடுத்தேன். மூன்றாவதாக வாங்கியதில் ஒரு வரிசை விட்டுவிட்டு எரிந்தது. பார்த்தால் ஒரு காலில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. நானே பற்றவைத்துச் சரிசெய்துகொண்டேன். வாங்கும்போது கடையிலேயே ஒரு கட்டத்தைக் கழற்றி, நான்கு ஐசிகளுக்கும் மின்தேக்கிகள் இருக்கின்றனவா என்று பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. அங்கேயே 27 கிலோ ஓம் மின்தடைகளைப் பலகைக்கு நான்கு வீதம் வாங்கிக்கொள்ளுங்கள். பலகையில் உள்ள சிறிய மேற்பரப்பு மின்தடைக்கு ஏற்ற அதே அளவில் கேட்டு வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டு முதல் எழுத்தை ஒளிரச் செய்யலாம்.